பொட்டு நின்ற சக்கரம்

ஒரு மனிதரின் வலது கையைப் பற்றி எழுதப் போகிறேன். அந்தக் கை போனதற்கு என்ன காரணம் என்று பட்டறையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வெயில் என்றார்கள், நேரம் சரியில்லை என்றார்கள், அவருடைய மறதி என்றார்கள். என்னை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு, அழுது, முடித்திருப்பேன். யாரும் சொல்லாததால் இந்த வயதில் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

வருஷம் சரியாக நினைவில்லை. ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருங்காபுரிப் பக்கத்து மானாவாரி ஊரிலிருந்து வந்து, ஒயர்மேன் வேலை கற்றுக்கொண்டு, பொன்மலைக்கு அப்பால் ரோட்டோரம் இருந்த ஒரு தனியார் வார்ப்புப் பட்டறையில் சேர்ந்திருந்தேன். காலையில் சங்கு ஊதியதும் சைக்கிள் கூட்டம் முழுக்க ரயில்வே ஒர்க்ஷாப் பக்கம் திரும்பும். அங்கே வேலை கிடைக்காத நாங்கள் முப்பது பேர் மட்டும் நேரே மிதித்துக்கொண்டு எங்கள் தகரக் கொட்டகைக்குப் போவோம். எனக்கு இருபத்துநாலு வயது. மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கும் வரும், வீட்டில் கேட்டால் வண்டி வண்டியாகச் சொல்வார்கள்.

கொட்டகையின் ஒரு பாதியில் உலை. இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றுவார்கள். மறு பாதியில் மர வேலை. இரும்பில் வார்க்க வேண்டிய உருப்படியை முதலில் மரத்தில் அப்படியே செய்ய வேண்டும், அதை மண்ணில் பதித்துத்தான் அச்சு எடுப்பார்கள். இரண்டு பாதிக்கும் நடுவே மார்பளவுச் சுவர். அந்தச் சுவர் எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உலையின் சூட்டை அது தடுக்கவில்லை, உலைக்குக் காற்று ஊதும் புளோயரின் இரைச்சலையும் தடுக்கவில்லை. புளோயர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதைப் பிடித்துக்கொண்டு கத்தினால்தான் கேட்கும்.

மர வேலை செய்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர். அடையவளஞ்சான் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. தினமும் காவிரிப் பாலம் தாண்டி சைக்கிளில் வருவார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பட்டறையில் எல்லாருக்கும் அவர் அண்ணன். என்னைவிட வாய் அதிகம். ஆனால் கை சுத்தம். சிறு வயதிலிருந்து ரம்பத்தோடு பிழைத்தும் அவருக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன. மர வேலைக்காரர்களில் அது அபூர்வம், அந்தக் கர்வமும் அவருக்கு உண்டு. புதிதாக யார் வந்தாலும் இரண்டு கையையும் விரித்து நீட்டி, “எண்ணிப் பாருங்க, பத்தும் இருக்கா?” என்பார். எண்ணச் சொல்லிவிட்டுத்தான் பேரையே கேட்பார்.

அவருடைய மிஷின் ஒரு வட்ட ரம்பம். மேஜை நடுவில் பல் வைத்த தட்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேஜைக்குப் பக்கத்தில், பெல்ட் ஓடும் சக்கரம். அதற்கு நாலு ஆரங்கள். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ரம்பத் தட்டு நின்றாலும் ஓடினாலும் மங்கிய வெளிச்சத்தில் ஒரே வெள்ளித் தட்டாகத்தான் தெரியும். புளோயர் இரைச்சலில் சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எல்லாரும் சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள்.

சக்கரமோ எண்ணெய் ஏறிக் கறுப்பு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டறையில் பூசை நடக்கும். எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவோம். மற்றவர்கள் கை போன இடத்தில் பொட்டை அப்புவார்கள். அண்ணன் மட்டும் தன் சக்கரத்தின் நாலு ஆரத்திலும் அளவெடுத்து, விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில், காலணா அகலத்துக்குச் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைப்பார். சக்கரம் ஓடினால் அந்தப் பொட்டுகள் கலந்து ஒரு சிவப்பு வளையமாகிவிடும். நின்றால் நாலு பொட்டும் தனித்தனியாகத் தெரியும். நாளாவட்டத்தில் அதுவே எங்கள் பட்டறைச் சட்டமாகிவிட்டது. வளையம் தெரிந்தால் கிட்டே போகாதே, பொட்டு தெரிந்தால் கை வை. இதற்கு மேல் யாரும் எதையும் யோசித்ததில்லை. சாமிக்கு வைத்த பொட்டு பொய் சொல்லும் என்று யார்தான் நினைப்பார்கள்?

அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. நான் வெயிலுக்குப் பயந்தவன் இல்லை, எங்கள் ஊரில் வெயிலைத் தவிர வேறொன்றும் விளையாது. ஆனால் அந்தக் கொட்டகைக்குள் இருந்தது வேறு சூடு. மேலே தகரம், பக்கத்தில் உலை, கூரையில் வெளிச்சத்துக்கு என்று பதித்த கண்ணாடிகள் வழியே நேரே தலையில் இறங்கும் வெயில். இரும்பு ஊற்றும் நாளில் பனியனைக் கழற்றிப் பிழிந்து திரும்பப் போட்டுக்கொள்வோம். உளியைப் பிடித்தால் வழுக்கும். வியர்வை கண்ணில் இறங்கி எரியும். அதைத் துடைக்கக் கையெடுத்தால் கையில் இருக்கிற மண் கண்ணில் விழும். முதல் வாரத்தில் ஊற்றுகிற ஆள் ஒருவர், உருகிய இரும்பு நிறைந்த குண்டானைத் தூக்கி வரும்போதே கண் இருட்டி மடங்கிப் போனார். கூடப் பிடித்த ஆள் சமாளித்ததால் நாலு பேர் கால் தப்பியது. அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, உப்புப் போட்ட மோரைக் கொடுத்து, அரை மணியில் திரும்ப வேலைக்கு அனுப்பினார்கள்.

சூடு மனிதனை மயக்கம் போட வைக்கும் என்பதுதான் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அது இரண்டு காரியம் செய்யும். முதலில் சிடுசிடுப்பு. பிறகு மறதி. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே சுத்தியலைத் தேடுவார்கள். கேட்டதையே திரும்பக் கேட்பார்கள். ஒரு வாரத்தில் பட்டறையில் மூன்று சண்டை, அதில் இரண்டு என்னுடையவை.

எல்லாருமாகப் போய் முதலாளியிடம் கேட்டோம். அவர் கூரைக் கண்ணாடிக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அடித்தோம். தலைமேல் இறங்கிய வெயில் குறைந்தது, நிஜம்தான். ஆனால் உள்ளே இருட்டிவிட்டது. பட்டப்பகலில் ரம்பத்துக்கு மேலே பெரிய குண்டு பல்பு ஒன்று போட வேண்டியதாயிற்று. அது அண்ணனின் உச்சந்தலைக்கு ஒரு முழம் மேலே தொங்கியது. இரண்டு நாளில் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இது லைட்டா அடுப்பாப்பா? மண்டையில முட்டை வச்சா வெந்துடும். கழட்டிடு, புண்ணியமாப் போகும்.”

நான்தான் முதலாளியிடம் போய் ட்யூப் லைட் யோசனையைச் சொன்னேன். திருச்சிக் கடைகளில் அப்போதுதான் ட்யூப் லைட் பளபளக்க ஆரம்பித்திருந்தது. சூடு கிடையாது, வெளிச்சம் பால் மாதிரி இருக்கும், கரண்டும் குறைவு என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவருக்குக் கடைசிக் காரணம் பிடித்துப் போயிற்று. நாலு லைட் வந்து இறங்கின. நானே மாட்டினேன். குண்டு பல்பைக் கழற்றி வைத்தேன். சுவிட்சைப் போடுவதற்கு முன் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தேன், கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவன் மாதிரி.

லைட் மினுக் மினுக் என்று கண்ணடித்துவிட்டு எரிந்தது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வியர்த்த முகங்கள் அந்த வெளிச்சத்தில் வெளிறிப்போய், உதடெல்லாம் நீலமாகத் தெரிந்தன. அண்ணன் என்னையும் மற்றவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“நல்லாத்தான் இருக்கு. எல்லாருமே பொணம் மாதிரி இருக்கோம். தூக்கிட்டுப் போகத்தான் ஆள் இல்லே.”

கொல்லென்று சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது யோசித்தால் நானே சிரிப்பேன், அப்படியொன்றும் மோசமான கிண்டல் இல்லை. அன்றைக்கு எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “வேலை தெரியாதவங்களுக்கெல்லாம் வாய் ஒண்ணுதான் இருக்கு” என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் வயதுக்கு, அவர் கைக்கு, அது சொல்லக் கூடாத வார்த்தை. அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து, மதியம் எல்லாரும் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். ரம்ப மோட்டார் சூடாகிறது என்று அண்ணன் வேறொரு ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தார். நான் தனியாக வந்து மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். சக்கரம் சுழல ஆரம்பித்தது. பொட்டுகள் கலந்து சிவப்பு வளையமாயின. வேகம் ஏற ஏற அந்த வளையம் துண்டு துண்டாக உடைந்தது. துண்டுகள் பின்பக்கமாக ஓடின, மெதுவாயின, பிறகு நின்றுவிட்டன. நாலு ஆரம், நாலு பொட்டு. சந்தனத்தின் விரிசல்கூடத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் மட்டும், காற்றில் லேசாக அசைகிற மாதிரி, பின்னால் கொஞ்சம் நகர்ந்தது.

மோட்டார் ஏதோ தகராறில் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிவிட்டேன். முகத்தில் காற்று அடித்தது. அதுதான் என்னைக் காப்பாற்றியது. பக்கத்தில் கிடந்த மரச் சீவல் ஒன்றை எடுத்துச் சக்கரத்தின் மேல் போட்டேன். அது சுவரில் போய் அறைந்தது.

“சமயபுரத்தா, இது என்னடி ஆத்தா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்தப் புழுக்கத்தில் எனக்குப் புல்லரித்தது. ஓடுகிற சக்கரம் நிற்கிற சக்கரமாக என் எதிரே உட்கார்ந்திருந்தது. என் கண்தான் கெட்டுவிட்டது என்று முதலில் பயந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, போய் ட்யூப் லைட்டை அணைத்தேன். சுண்ணாம்புக் கண்ணாடி வழியே வந்த மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு வளையம் ஓடிக்கொண்டிருந்தது. லைட்டைப் போட்டேன். பொட்டு நின்றது. அணைத்தேன், வளையம். போட்டேன், பொட்டு.

அதற்கான விளக்கம் பல வருஷம் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது. ட்யூப் லைட் விடாமல் எரிவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. ஒவ்வொரு முறை எரியும்போதும், முன்பு ஓர் ஆரம் இருந்த அதே இடத்தில் அடுத்த ஆரம் வந்து நின்றால், சக்கரம் அசையவே இல்லை என்று கண் சொல்லிவிடும். பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எரிந்தாலே போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். அது அப்படி விட்டு விட்டு எரிவதில்லை. விளக்கம் தெரியாவிட்டால் என்ன? தப்பு கண்ணில் இல்லை, லைட்டில் இருக்கிறது என்பது அந்த மதியமே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாது என்று இதில் நான் எந்த இடத்திலும் சொல்லிக்கொள்ள முடியாது.

உடனே சொல்லத்தான் வெளியே போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் போனேன். வேப்பமரத்தடியில் அண்ணன் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சமாதானமாகப் போகலாம் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே, “என்னப்பா, பொணத்துக்கெல்லாம் வெளிச்சம் சரியா விழுதா?” என்றார். சுற்றி இருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். நான் நேரே தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விட்டேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள், அவரே வந்து பேசட்டும் என்றிருந்தேன். யாரிடமாவது சொல்லியனுப்பலாம் என்று ஒரு நாள் தோன்றியது. ஆனால் ட்யூப் லைட்டைக் கொண்டுவந்தவனே அதில் தப்பு என்று சொன்னால் முதலாளி என்ன சொல்வார் என்று நினைத்து விட்டுவிட்டேன். பழைய குண்டு பல்பை ஸ்டோரிலிருந்து எடுத்து, யாரும் இல்லாத நேரம் ரம்பத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். எடுத்தும் வந்தேன். ‘பாரு, தோத்துட்டான்’ என்று அண்ணன் சொல்வது காதில் கேட்டது. பல்பைத் துணியில் சுற்றி என் சாமான் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது அங்கேயே கிடந்தது.

இதற்குள் இரண்டு வெள்ளிக்கிழமை போயின. அண்ணன் பழைய பொட்டைத் துடைத்துவிட்டு, நாலு ஆரத்திலும் அளவெடுத்துப் புதுப்பொட்டு வைத்தார். நான் தூண் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ரம்பத்திடம் போகும்போதெல்லாம் நான் இருக்கிற இடத்திலிருந்து அவர் கையைத்தான் பார்ப்பேன். கழுத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்வதுபோல் நடிப்பேன், ஆனால் பார்ப்பேன். அவர் ஒழுங்காக அணைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் கை வைத்தார். அறுக்கும்போது அவர் கண் பலகையில்தான் இருக்கும், அணைத்த பிறகுதான் சக்கரத்தைப் பார்ப்பார், அதனால் ஓடும்போதே பொட்டு நிற்பது அவர் கண்ணில் படவும் இல்லை. அந்த மனிதர் அப்படித்தான், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, இரும்பு ஊற்றும் நாள். மதியம் இரண்டு மணி இருக்கும். அண்ணன் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று கரண்ட் போயிற்று. ரம்பம் நின்றது, லைட் அணைந்தது, புளோயரும் நின்றது. இரைச்சல் நின்ற பிறகுதான் எவ்வளவு புழுக்கம் என்று தெரிந்தது. கரண்ட் போனால் அவரவர் மிஷின் சுவிட்சை அவரவர் அணைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் மிஷின் தானே ஓடும். அண்ணன் காலையிலிருந்து தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். சுவிட்சை அணைக்க மறந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே மோர் குடிக்கப் போனார்.

கால் மணியில் கரண்ட் வந்துவிட்டது. உலையில் இரும்பு உறைந்துவிடும் என்று எல்லாரும் கத்த, நான் புளோயரைப் போட ஓடினேன். வாசலில் அண்ணன் எதிரே வந்தார். வெளியே கண்கூசும் வெயிலில் நின்றுவிட்டு வந்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டுத் தடுமாறி வந்தார். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

புளோயர் ஓட ஆரம்பித்தால் எதுவும் கேட்காது. எனக்கும் எதுவும் கேட்கவில்லை. யாரோ ஒருவர் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் வாய் அசைவதைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. புளோயரை அணைத்துவிட்டு ஓடினேன்.

அண்ணனைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். துண்டில் அவர் கையைச் சுற்றியிருந்தார்கள், துண்டு முழுக்கச் சிவந்திருந்தது. ரம்பம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சக்கரத்தில் நாலு பொட்டும் அசையாமல் நின்றன. அவர் வலியில் கத்தவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“பொட்டு நின்னுச்சுப்பா. பாத்துட்டுத்தான் கை வச்சேன். நல்லாப் பாத்தேன்.”

முதலாளியின் காரில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று சாயங்காலம் தகவல் வந்தது. வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது.

பத்து நாள் கழித்துத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வருவதற்கு முதல் நாளே முதலாளி ஆட்களை ஏற்றிக் கூரைக் கண்ணாடிச் சுண்ணாம்பையெல்லாம் சுரண்டிக் கழுவச் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் வந்த நேரம் கொட்டகைக்குள் வெயில் கொட்டியது. பகலில் லைட் எதற்கு என்று அதையும் அணைத்து வைத்திருந்தார்கள். அந்த மனிதர் நல்லவராகத்தான் தெரிந்தார், தோளில் கையைப் போட்டு விசாரிக்கிற மாதிரி ஒவ்வொருவரையும் விசாரித்தார். ரம்பத்தை ஓடவிட்டு வெகுநேரம் பார்த்தார். சிவப்பு வளையம் குழந்தைக்கும் தெரிகிற மாதிரி ஓடியது.

கடைசியில் என்னைக் கேட்டார். “நீங்கதானே ஒயர்மேன்? அன்னைக்கு இங்க வெளிச்சம் எப்படிங்க இருந்துச்சு?”

முதலாளி அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னையே பார்த்தார்.

“நல்ல வெளிச்சமுங்க. நாலு ட்யூப் லைட்டும் எரிஞ்சுதுங்க” என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் கேவலம். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். சுவிட்சை அணைக்காமல் போனது, ஓடுகிற ரம்பத்தில் கை வைத்தது, ஆளின் அஜாக்கிரதை என்று முடிந்தது. பத்து விரலையும் விரித்துக் காட்டிய மனிதருக்கு அந்தப் பேர். வேலையும் போயிற்று. இன்ஸ்பெக்டர் போன மறுநாள், சாமான் பையிலிருந்து குண்டு பல்பை எடுத்து ரம்பத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன். கை ஆறுகிறது, ஆனால் ஆள் சரியில்லை என்றார்கள். கண்ணில் கோளாறு என்று கண் டாக்டரிடம் போனாராம். கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்களாம். கண் நன்றாக இருந்தால் மூளைதான் கெட்டுவிட்டது என்று இப்போது புலம்புகிறாராம். ‘நின்னதைப் பாத்தேனே, பாத்தேனே’ என்று தூக்கத்திலும் சொல்கிறாராம். கை போனதைக்கூட அவர் இவ்வளவு பேசவில்லை என்றார்கள். இதைக் கேட்ட பிறகு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். காவிரியில் இன்னும் தண்ணீர் வரவில்லை, பாலத்துக்கு அடியில் மணல்தான். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி, விசாரித்து விசாரித்து, அந்தச் சந்தைக் கண்டுபிடித்தேன்.

அண்ணன் வீட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தார். அதன் முன் சக்கரத்தில் நாலைந்து இடத்தில் குங்குமப் பொட்டு. இடது கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட வலது கை மடியில் கிடந்தது. இளைத்துப் பாதியாகியிருந்தார்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “வாப்பா வாப்பா. கோவமெல்லாம் போயிடுச்சா?” என்றார். உள்ளே பார்த்து, “ஏய், நம்ம ஒயர்மேன் தம்பி வந்திருக்கு. காபி போடு” என்று குரல் கொடுத்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்து, “வாங்க தம்பி. நீங்களாச்சும் சொல்லுங்க. பகல் பூரா இந்தச் சக்கரத்தைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்காரு” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார்.

“உன்னுது சின்ன வயசுக் கண்ணு. இப்படி உக்காந்து பாரு. பொட்டு எங்கயாவது நிக்குதான்னு சொல்லு” என்று மறுபடி சுற்றிவிட்டார்.

“நிக்காதுண்ணே. இந்த வெளிச்சத்துல நிக்காது.”

“அப்ப எந்த வெளிச்சத்துல நிக்கும்?”

சொன்னேன். ட்யூப் லைட்டில் சக்கரம் அப்படித் தெரியும், லைட்டை அணைத்தால் வளையம், போட்டால் பொட்டு, நானே போட்டுப் போட்டுப் பார்த்தேன், யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும், அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. இடது கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நான் பாத்தது நிசம்தானா? எனக்குப் பைத்தியம் இல்லையே?”

“இல்லண்ணே. நீங்க பாத்தது நிசம்.”

அவர் அழுதுவிட்டார். அந்த மனிதர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுதுகொண்டே சிரித்தார். “கேட்டியாடி! என் கண்ணு நல்லாத்தான் இருக்காம்! பொட்டு நின்னுது நிசமாம்!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். என் தலையைத் தடவினார். “நீ நல்லா இருக்கணும்பா. டாக்டருக்கே பிடிபடல. இதுக்குன்னு மெனக்கெட்டுப் போட்டுப் பாத்தியா? நான் போனதுக்கப்புறம் பாத்தியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரே அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். சொல்லியிருந்தால் அவர் சாகும்வரை நான் அவருக்குத் தம்பியாக இருந்திருப்பேன். ஆனால் என்னால் முடியவில்லை.

“இல்லண்ணே. முன்னாடியே பாத்தேன்.”

“முன்னாடின்னா?”

“உங்க கை போறதுக்கு மூணு வாரம் முன்னாடி. நாம பேசிக்காம இருந்தோமேண்ணே.”

என் முழங்கையைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சக்கரம் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்து நிறுத்தினார். நான் ஏதேதோ சொன்னேன். மன்னிச்சுக்கங்க என்று சொன்னேன், கோபத்தில் புத்தி கெட்டுப் போச்சு என்று சொன்னேன், காலில் விழக் குனிந்தேன். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, சந்தோஷமாக, டம்ளரும் டபராவுமாக வந்து நின்றார். காபி மணந்தது. நான் கையை நீட்டினேன்.

“காபியை உள்ள எடுத்துட்டுப் போ” என்றார் அண்ணன்.